என் லைனா, ரேசரா? கொல்லிமலையும் ஏறணும், அம்மாவும் உட்காரணும்

கார் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு ராசிபுரம், வேலை சேலத்தில். தினமும் காரில்தான் போய் வருகிறேன். மாதம் ஒருமுறையாவது கொல்லிமலை ஏறாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பழைய கார் வாங்கப் போகிறேன், கையில் ஒன்பது லட்சம். 2023 கடைசியில் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைன் (என்8 ரகம், மேனுவல்) ஒன்றும், 2024 டாடா ஆல்ட்ராஸ் ரேசர் (ஆர்3 ரகம்) ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை அம்மாவை நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், அவருக்கு முழங்கால் வலி. நண்பர்கள் எல்லோரும் ரேசர்தான் வேகம், நரேன் கார்த்திகேயனே ஓட்டிக் காட்டியிருக்கிறார் என்கிறார்கள். எனக்கு மனசு என் லைன் பக்கம். எதை வாங்கலாம்?
– ராசிபுரம் வாசகர்

பதில்: முதலில் அந்த நரேன் கார்த்திகேயன் விஷயத்தை முடித்துவிடுவோம். 2024இல் கோவை கோஸ்ட் பந்தயத் தடத்தில் அவர் ரேசரை 2 நிமிடம் 21 விநாடிச் சொச்சத்தில் ஒரு சுற்று ஓட்டினார், அதை வைத்து இந்தியாவின் அதிவேக ஹேட்ச்பேக் என்று டாடா விளம்பரம் செய்தது. ஓட்டியது ஃபார்முலா ஒன் ஓட்டியவர், ஓடியது ரேஸ் டிராக். அந்த டிராக்கில் பெயின்ட் அடிக்காத வேகத்தடை கிடையாது, கரும்பு ஏற்றிக்கொண்டு பின்விளக்கு இல்லாமல் போகும் டிராக்டர் கிடையாது, ரோட்டில் பாதியை அடைத்து யாரும் சோளம் காயப்போட மாட்டார்கள். உங்களுக்கு இதெல்லாம் தினமும் உண்டு. அதனால் அந்த 2 நிமிடக் கணக்கை நண்பர்களிடமே விட்டுவிடுங்கள்.

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய அண்ணன் தம்பி. இரண்டிலும் மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல், இரண்டும் 120 பிஎஸ். டார்க், அதாவது இழுவிசை, என் லைனில் 172 நியூட்டன் மீட்டர், ரேசரில் 170. பெட்ரோல் டேங்க்கூட இரண்டிலும் 37 லிட்டர்தான். இன்ஜின் அளவு மட்டும் என் லைனில் 998 சிசி, ரேசரில் 1199 சிசி. ஆக, வேகத்தை வைத்து முடிவெடுக்க இங்கே ஒன்றும் இல்லை. ஓவர்டேக்குக்கு இரண்டிலும் தாராளமான இழுவை இருக்கிறது. வித்தியாசமெல்லாம் சஸ்பென்ஷன், கியர், பிரேக், பின்சீட்டு இந்த நாலில்தான், அதிலும் முதல் வேகத்தடையிலேயே பாதி தெரிந்துவிடும்.

என் லைனுக்குச் சாதாரண ஐ20ஐவிட இறுக்கமான சஸ்பென்ஷன் போட்டிருக்கிறார்கள், ஸ்டீயரிங்கையும் கொஞ்சம் கனமாக்கியிருக்கிறார்கள். மல்லூர் தாண்டி நாலு வழிச்சாலையில் 100இல் போகும்போது இது அருமை, கார் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும், லேன் மாற்றினால் உடம்பு ஆடாது. அதே கார் ஆண்டகலூர் கேட்டில் இறங்கி ஊருக்குள் நுழைந்ததும் முகம் மாறிவிடும். ஒட்டுப்போட்ட தார், சாக்கடை மூடி, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் இடுப்புக்குச் சொல்லும். மெதுவாகப் போகப் போகத்தான் குலுக்கல் அதிகம் தெரியும், வேகம் எடுத்தால் அடங்கிவிடும், இது இறுக்கமான சஸ்பென்ஷனின் குணம். ரேசர் இந்த விஷயத்தில் கொஞ்சம் பெரிய மனசு. பள்ளத்தில் இறங்கும் சத்தம் கேட்கும், அடி மேலே வராது. டயரிலும் கொஞ்சம் உதவி இருக்கிறது: என் லைனுக்கு 195/55, ரேசருக்கு 185/60, இரண்டும் 16 இன்ச் (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் சுவர் உயரம் எத்தனை சதவீதம் என்பது). கணக்குப் போட்டால் ரேசரின் டயர்ச் சுவர் சுமார் 4 மில்லிமீட்டர் கூடுதல் உயரம். சின்ன விஷயம்தான், ஆனால் ஜல்லி பெயர்ந்த ரோட்டில் அலாய் வீல் நெளியாமல் தப்பிப்பது இந்த 4 மில்லிமீட்டரால் ஆகலாம்.

சரி, கொல்லிமலை. காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள், பேளுக்குறிச்சி வழியாகப் போகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே என் லைன்தான் ராஜா, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மூக்கு உடனே உள்ளே வரும், வளைவு முடிந்து நேராகும்போது கார் சாய்ந்திருந்து எழுந்திருக்கும் அந்த இழுபறி இல்லை, அடுத்த வளைவுக்கு உடனே தயாராகிவிடும். ரேசர் மோசமில்லை, ஆல்ட்ராஸின் அடித்தளம் நல்லது, கார் உறுதியாக நிற்கும், ஆனால் வளைவுக்கு வளைவு கொஞ்சம் முன்கூட்டியே யோசித்து ஓட்ட வேண்டும். கியரிலும் அப்படித்தான். என் லைனின் ஆறு கியர் மேனுவலில் கிளட்ச் லேசு, லீவர் சுண்டுவிரலில் விழும். ரேசரிலும் ஆறு கியர், மேனுவல் மட்டும்தான், ஆனால் லீவரில் ரப்பர் தன்மை இருக்கிறது, மூன்றிலிருந்து இரண்டுக்கு அவசரமாக இறக்கும்போது ஒரு நொடி தயங்கும். 70 வளைவில் அது 70 தடவை.

ஒரு இடத்தில் மட்டும் ரேசருக்கு ஒரு புள்ளி. மேலே ஏறும்போது சில வளைவுகள் அவ்வளவு குறுகல், எதிரே பஸ் வேறு வந்து நிற்கும், இரண்டாம் கியரில் ஆர்பிஎம் 1500க்குக் கீழே விழுந்துவிடும். டர்போ அங்கே தூங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் 1199 சிசி இன்ஜின் முனகிக்கொண்டாவது ஏறும், 998 சிசி முதல் கியர் கேட்கும். தயங்காமல் முதல் கியர் போடுங்கள். இரண்டிலேயே கிளட்சை அரை மிதி மிதித்து ஏற்றும் பழக்கம் இருந்தால் கிளட்ச் பிளேட் செலவை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

இறங்கும்போது பிரேக். என் லைனில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க், ரேசரில் பின்னால் டிரம். இதை வைத்து ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் வந்துவிடுவதால் பெரும்பாலான வேலையை முன் டிஸ்க்தான் செய்கிறது, டிரம் என்றதும் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மலை முழுக்கப் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் எந்த டிஸ்க்கும் சூடேறி மங்கும், டிரம் இன்னும் சீக்கிரம். ஏறின கியரிலேயே இறங்குங்கள், இன்ஜின் பிடித்துக்கொள்ளும்.

இதுவரை படித்துவிட்டு என் லைன் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். இப்போது அம்மா.

ஆல்ட்ராஸின் கதவுகள் ஏறக்குறைய 90 டிகிரி திறக்கும். படிக்க விளம்பர வரி போல இருக்கும், முழங்கால் மடக்க முடியாத ஒருவர் ஏறும்போது பாருங்கள். முதலில் திரும்பி நின்று சீட்டில் உட்கார்ந்துவிட்டு, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுப்பார்கள், அதற்குக் கதவு ஒதுங்கி நிற்க வேண்டும். ரேசரில் நிற்கும். உள்ளே தரையும் மட்டமாக இருக்கும், காலை நகர்த்தும்போது நடுவில் மேடு தடுக்காது. என் லைனில் கதவு அவ்வளவு அகலாது. உட்கார்ந்த பிறகு கால் நீட்ட என் லைனில்தான் இடம் அதிகம் (வீல்பேஸ் 2580 மில்லிமீட்டர், ரேசரில் 2501), அதை மறைக்கவில்லை. ஆனால் உங்கள் அம்மாவுக்குப் பிரச்சினை உட்கார்ந்த பிறகு இல்லையே, ஏறுவதும் இறங்குவதும்தானே. அதோடு பின்சீட்டில்தான் குலுக்கல் அதிகம் தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவாப்பா" என்று கேட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஒன்று மட்டும், ஆல்ட்ராஸின் பின்கதவுக் கைப்பிடி கண்ணாடி ஓரத்தில் ஒளிந்திருக்கும், புதிதாக வருகிறவர்கள் கதவைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். அம்மாவுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஆர்3இல் முன்சீட்டுக்குக் காற்றோட்ட வசதி இருக்கிறது, 360 டிகிரி கேமரா இருக்கிறது, டிக்கி 345 லிட்டர். என் லைனில் டிக்கி 311, சீட்டுக் காற்றோட்டமும் 360 கேமராவும் இல்லை. சித்திரை மாசத்தில் கறுப்பு லெதரெட் சீட்டில் சேலம் வெயிலில் உட்கார்ந்தவருக்கு அந்தக் காற்றோட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். அதற்குப் பதிலாக என் லைனில் கிடைப்பது போஸ் ஸ்பீக்கர்கள். நல்ல சத்தம்தான், முதுகு மட்டும் நனையும்.

ஆக என் பதில் ரேசர். மாதம் ஒரு நாள் கொல்லிமலையில் என் லைன் தரும் சந்தோஷம் உண்மை, அதற்காக வாராவாரம் அம்மாவைச் சிரமப்படுத்த வேண்டாம். ரேசரும் கொல்லிமலை ஏறும், சிரித்துக்கொண்டேதான் ஏறும். ஆனால் நான் சொன்னேன் என்று வாங்காதீர்கள். இரண்டு காரையும் பார்க்கப் போகும்போது அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஊருக்குள் ஒரு சுற்று போங்கள், டீலர் காட்டும் பைபாஸில் வேண்டாம்.

பழைய கார் என்பதால் இன்னும் கொஞ்சம். இந்த மாதிரி கார்களை வாங்கியவர்கள் சும்மா ஓட்டியிருக்க மாட்டார்கள். அலாய் வீலின் உள்பக்க விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள், நெளிவு இருந்தால் விரலுக்குத் தெரியும், வெளிப்பக்கம் பாலிஷ் போட்டிருப்பார்கள். முன் டயர் இரண்டும் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் மட்டுமா, இல்லை எங்காவது ஏற்றி அடித்ததா என்று விசாரியுங்கள். நாலாவது கியரில் 40இல் போய்க்கொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள், ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போய்விட்டது. ரீமேப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) செய்த காரா என்று நேராகவே கேளுங்கள், செய்துவிட்டுப் பழையபடி மாற்றியிருந்தாலும் சர்வீஸ் சென்டரில் கண்டுபிடிக்க வழி உண்டு, தெரிந்தால் வாரண்டிக்குக் கையை விரித்துவிடுவார்கள்.

விலையில் ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, செஸ்ஸும் போய்விட்டது. நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் என்பது கணக்கு, உங்கள் இரண்டு காரும் அதில் அடங்கும் ரகம். ஆனால் விற்கிறவர் தான் வாங்கின அன்றைய பில்லைக் காட்டித்தான் விலை சொல்வார். வரி இறங்கியதைச் சொல்லிக் குறைத்துப் பேசுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: நான் தனிக்கட்டை. என் லைன்தான் என்று முடிவாகிவிட்டது. மேனுவலா, டிசிடி ஆட்டோமேட்டிக்கா? ஞாயிறு ஆனால் ஏற்காடு.
– சேலம் வாசகர்

பதில்: ஞாயிறு ஏற்காடு என்றால் மேனுவல். காரணம் சொல்கிறேன். என் லைனின் டிசிடி என்பது ஏழு கியர் டபுள் கிளட்ச், அதுவும் உலர் கிளட்ச் வகை, எண்ணெயில் மூழ்காதது. ரோடு காலியாக இருந்தால் இதைப்போல் சுகம் வேறு இல்லை, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் துடுப்பைத் தட்டினால் கண் இமைப்பதற்குள் கியர் மாறும். ஆனால் விடுமுறை நாளில் 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டி எறும்பு ஊர்கிற மாதிரி ஊரும், அப்போது கிளட்ச் முழுதாகப் பிடிக்காமலும் விடாமலும் தேய்ந்துகொண்டே இருக்கும், சூடு ஏறும், அதிர்வு வரும், ரொம்பப் போனால் எச்சரிக்கை விளக்கு எரியும். மேட்டில் பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டரால் காரைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவது. டிசிடியே வேண்டும் என்றால் முன்வண்டி நாலைந்து கார் நீளம் நகரும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டு நில்லுங்கள், பிறகு ஒரேயடியாக நகருங்கள். பின்னாலிருந்து ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

2023 செப்டம்பருக்கு முந்தைய என் லைன் என்றால் மேனுவல் கிடையாது, அதில் வந்தது ஐஎம்டி, அதாவது கியர் லீவர் உண்டு, கிளட்ச் பெடல் இல்லை. விலை குறைவாகச் சொல்வார்கள். நகரத்துக்குப் பரவாயில்லை, உங்களைப் போல் ஓட்டுகிறவருக்கு அது ரெண்டுங்கெட்டான்.

கேள்வி: என் லைன் வைத்திருக்கிறேன். ஊர் ரோட்டில் குலுக்கல் தாங்கவில்லை. 195/60 டயர் போட்டால் குறையுமா என்று டயர் கடையில் கேட்டேன், போட்டுவிடலாம் என்கிறார்.
– திண்டுக்கல் வாசகர்

பதில்: அவருக்கு விற்க நாலு டயர் இருக்கிறது, சொல்லத்தான் செய்வார். 195/60 போட்டால் சக்கரத்தின் விட்டம் 2 சென்டிமீட்டர் அளவுக்குக் கூடும், ஸ்பீடாமீட்டர் சுமார் 3 சதவீதம் குறைத்துக் காட்டும், முழு லோடில் பள்ளத்தில் இறங்கும்போது உள்ளே உரசுகிறதா என்ற கவலையும் சேரும். விபத்துக் கிளெய்ம் நேரத்தில் டயர் அளவு ஏன் மாறியது என்ற கேள்வி வந்தால் டயர் கடைக்காரர் வந்து பதில் சொல்லப் போவதில்லை.

அதற்கு முன்னால் காற்றைப் பாருங்கள். பெட்ரோல் பங்க்கில் எந்தக் கார் வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு 35 அடிக்கும் பழக்கம் உண்டு. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் போட்ட அளவைக் காலையில் டயர் ஆறியிருக்கும்போது அடியுங்கள். பாதிக் குலுக்கல் அதிலேயே போகலாம். மீதிப் பாதி ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும், அது அந்தக் காரின் பிறவிக்குணம். டயர் தேய்ந்து மாற்றும் நேரம் வரும்போது அதே அளவில் பக்கச்சுவர் மென்மையான டூரிங் ரகம் கேளுங்கள்.

கேள்வி: ரேசரின் சைலன்சர் சத்தம் போதவில்லை. வெளியில் மாற்றலாமா?
– கோவை வாசகர்

பதில்: கம்பெனி கொடுத்ததே சாதாரண ஆல்ட்ராஸைவிட உறுமல் கூடியதுதான். அதற்கு மேல் வேண்டும் என்றால் போலீஸ் நிறுத்துவார், நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கட்சியும். மோட்டார் வாகனச் சட்டப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற அனுமதி இல்லை. தெருவில் குழந்தை தூங்குகிற வீடும் இருக்கிறது.

கேள்வி: என் லைன் என்பது வெளிநாட்டு ஐ20 என் காரின் தம்பியா? இல்லை வெறும் ஸ்டிக்கரா? பெட்ரோலில் எத்தனால் கலப்பு வேறு ஏறிவிட்டது, இந்த டர்போ இன்ஜின்கள் தாங்குமா?
– ஓசூர் வாசகர்

பதில்: இரண்டு கேள்வியை ஒன்றாகக் கட்டி அனுப்பியிருக்கிறீர்கள். ஐரோப்பாவில் விற்ற ஐ20 என் வேறு ஜாதி, 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ். அது இங்கே விற்பனைக்கு வரவே இல்லை. இங்கே வந்தது 120 பிஎஸ் என் லைன், நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்தது. வெறும் ஸ்டிக்கர் என்று சொன்னால் பாவம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், எக்ஸாஸ்ட், பின் டிஸ்க் என்று கை வைத்திருக்கிறார்கள். இன்ஜின் மட்டும் சாதாரண ஐ20 டர்போவில் முன்பு வந்த அதே இன்ஜின். ரேசர் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம், அதற்கு முந்தைய ஆல்ட்ராஸ் ஐடர்போ 110 பிஎஸ், 5 கியர், ரேசருக்கு நெக்ஸானின் 120 பிஎஸ் இன்ஜினையும் 6 கியரையும் கொடுத்தார்கள். நெக்ஸான் தெருவுக்கு நாலு ஓடுவதால் பார்ட்ஸுக்கு அலைய வேண்டியதில்லை, மெக்கானிக்குக்கும் கை பழகிய இன்ஜின்.

எத்தனால் விஷயத்தில், 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் ரப்பர் குழாய், சீல் எல்லாம் 20 சதவீதக் கலப்பைத் தாங்கும்படிதான் வருகின்றன, நீங்கள் பார்ப்பது 2021, 2022 என் லைன் என்றால் பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கமும் கையேட்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட வெப்ப ஆற்றல் குறைவு, மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அது இன்ஜின் கோளாறு இல்லை. என் லைன் நேரடி இன்ஜெக்‌ஷன் என்பதால் பெட்ரோல் வால்வின் மேல் படாமல் சிலிண்டருக்குள்ளேயே போகிறது, அதனால் நாளடைவில் இன்டேக் வால்வில் கரி படியும் வாய்ப்பு உண்டு. ரேசரில் பெட்ரோல் வால்வைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும் பழைய முறை. என் லைன் வாங்கினால் ஆயில் மாற்றும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள், மாதத்துக்கு ஒருமுறையாவது ஓசூர் கிருஷ்ணகிரி ரோட்டில் இன்ஜினைக் கொஞ்சம் மூச்சு வாங்க விடுங்கள். தினமும் பாகலூர் ரோட்டு டிராஃபிக்கில் இரண்டு கிலோமீட்டர் போய்விட்டு அணைக்கிற காராக இருந்தால், டர்போவே வேண்டாம், சாதாரண 1.2 வாங்கிவிட்டு மிச்சப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.